மூன்று ஆள் ஆழத்தில் ஒரு கப்பல்

யுத்த காலம். திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஓர் இரும்புக் கடையில் நான் வேலை பார்த்தேன். கீல், தாழ்ப்பாள், மண்வெட்டி, கிணற்றுக் கப்பி, கூரைத் தகரம் என்று கடை நிறைய இருந்த சாமான்கள், யுத்தம் தொடங்கி இரண்டு வருஷத்துக்குள் ஒவ்வொன்றாய் வராமல் நின்றுபோயின. ஆணி கேட்டு வருகிறவர்களுக்குப் பழைய ஆணியைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தோம். காலையில் கடை திறந்ததும் நாங்கள் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து ஆணி நிமிர்த்துவோம். பக்கத்துக் கொத்தமல்லிக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னவே, கச்சேரி ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்பார்.

முதலாளி என்னைப்போல நாஞ்சில் நாட்டுக்காரர். ஆறடி உயரம், அதற்கு ஏற்ற வயிறு. எதையும் உரக்கத்தான் சொல்வார். ரகசியம் என்றாலும் தெருமுனை வரை கேட்கும். ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தே அது எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்குக் கடை காலியாகக் கிடப்பது வீட்டில் அடுப்பு எரியாதது மாதிரி இருந்தது.

ஒருநாள் விழிஞ்ஞத்திலிருந்து நங்கூரச் சங்கிலி கேட்டு ஒருவர் வந்தார். சங்கிலி இல்லை. வந்ததற்குக் கொஞ்சம் பேசிவிட்டுப் போகலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கடலுக்குள் பழைய கப்பல் ஒன்று கிடக்கிறது, அதில் பீரங்கியெல்லாம் இருக்கிறது, சிப்பி எடுக்கிறவர்கள் தினமும் அதன் மேல்தான் முங்குகிறார்கள் என்று சொன்னார். பீரங்கி என்ற சொல் காதில் விழுந்ததும் முதலாளி பொடி போடுவதை நிறுத்திவிட்டார்.

அவர் போன பிறகு முதலாளி என் பக்கம் திரும்பினார். "வே, ஒமக்கு நீச்சல் தெரியும்னு சொன்னீருல்லா?"

சொல்லித்தான் இருந்தேன். பழையாற்றில் வெள்ளம் வந்தபோது இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போனேன் என்று கடையில் பல தடவை பெருமை அடித்திருக்கிறேன். வாழைத்தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன் என்பதை மட்டும் விட்டுவிடுவேன்.

"நாளைக்கு விழிஞ்ஞத்துக்குப் போறீரு. முங்கிப் பாக்கீரு. எத்தன பீரங்கி, எம்புட்டுப் பெருசு, எல்லாம் பாத்துட்டு வந்து சொல்லுதீரு."

"அண்ணாச்சி, அது கடலுல்லா?"

"ஆறும் தண்ணிதான், கடலும் தண்ணிதான். கடல்ல உப்பு கெடக்கு. அம்புட்டுதான்வே வித்தியாசம்."

அந்த நாட்களில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. பின்பக்கம் ஒரு பெரிய உருளை அடுப்பு. அதில் கரி போட்டு, விசிறி சுற்றி, வண்டி மூச்சு விட்டு எழுந்திருக்க அரைமணி நேரம் ஆகும். மேடு வந்தால் ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். விழிஞ்ஞம் போய்ச் சேர்ந்தபோது என் வேட்டியும் முகமும் ஒரே நிறமாக இருந்தன. கடைக்கு வந்தவர் என்னைக் கூட்டிப் போய்ச் சிப்பி முங்குகிற ஒருவரிடம் விட்டார்.

அந்த மனிதருக்கு என் வயதுதான் இருக்கும். குள்ளம், ஆனால் நெஞ்சு மட்டும் பெரிய ஆளுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. கழுத்தில் சிலுவை, அதோடு ஒரு கண்ணாடியும் தொங்கியது. முருக்க மரத்தைக் குடைந்து, இரண்டு சில் கண்ணாடி பதித்து, மெழுகு வைத்து அடைத்து, துணிக்கயிறு கட்டிய முங்குக் கண்ணாடி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளேச்சன் நீந்துமா?" பிள்ளைமாரை நேரே பார்த்துப் பேசும்போதும் அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"நீந்துவேன்."

"கடல்லயா?"

"தண்ணியில."

அவர் சிரிக்காமல் இருக்க முயன்றது தெரிந்தது. கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போனார். பாறை முனையைச் சுற்றிக் கால் மணி நேரம் துடுப்புப் போட்ட பிறகு, "இதுதான்" என்றார். எனக்கு மற்ற இடத்துக் கடல் மாதிரிதான் தெரிந்தது. "மூணு ஆளு தாழ்ச்ச. அவ்வளவே உள்ளு" என்றார். ஒருவர் தலைமேல் ஒருவராக மூன்று பேர் நின்றால் மேலே எட்டிவிடும் ஆழம். அவர் இன்னொரு கண்ணாடியை எனக்கு மாட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் குதித்த ஒரே ஆள் நான்தான் என்று பிற்பாடு அவர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். திறந்து பார்த்தபோது பச்சையாக ஏதோ சுழன்றது. மூக்கு வழியாகக் கடல் உள்ளே வந்தது. கண்ணாடிக்குள்ளும் தண்ணீர். மேலே வந்து வாயைத் திறந்த நேரம் பார்த்து ஓர் அலை அறைந்தது. அவர் என் தலைமயிரைப் பிடித்துக் கட்டுமரத்தில் இழுத்துப் போட்டார். காலையில் தின்ற இட்லியெல்லாம் கடலுக்குப் போயிற்று. சின்ன மீன்கள் கூட்டமாக வந்து அதைத் தின்றன.

"சாரமில்ல" என்று தேற்றி அவர் என் முதுகைத் தடவினார். "இன்னைக்குக் கப்பல் பிள்ளேச்சனக் கண்டுது. அடுத்த தடவ பிள்ளேச்சன் கப்பலக் காணும்."

கரையில் அவர் மனைவி ஓலையை எரித்துச் சிப்பி சுட்டுக்கொண்டிருந்தாள். சிப்பிகள் சூட்டில் வாய் பிளக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் சைவம் என்று சொன்னதும் அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய் நசுக்கியதும் கொடுத்தாள். வெறும் வயிற்றோடு இருந்த எனக்கு அதைவிட ருசியான சாப்பாடு அன்று வேறு இல்லை.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வலியசாலையில் வாடகைக்கு இருந்தோம். என் மனைவி திருவனந்தபுரத்திலேயே பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் தமிழில் பாதிக்குப் பாதி மலையாளம் புகுந்து நிற்கும். நடந்ததைச் சொன்னேன். இட்லியை மீன் தின்ற இடத்துக்கு வந்ததும் அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ வெள்ளத்துக்குள்ள கண்ணத் தொறந்து மூச்சப் பிடிக்கணும். அவ்வளவுதானே காரியம்? வாங்கோ இங்க" என்றாள்.

கொல்லைப்புறத்தில் துணி ஊறப்போடும் அண்டாவில் தண்ணீர் நிரப்பினாள். நான் குனிந்து முகத்தை உள்ளே விட வேண்டும், அவள் எண்ணுவாள். முதல் நாள் பதினெட்டு. மூன்றாம் நாள் முப்பது. மதில்மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள், "என்னடி, ஆத்துக்காரரை அண்டாவில முக்கறே?" என்று கேட்டாள். "ஜலதோஷம் மாமி, வைத்தியர் சொன்னது" என்று இவள் பதில் சொன்னது தண்ணீருக்குள்ளேயே எனக்குக் கேட்டது. சிரித்துவிட்டேன், தண்ணீர் ஏறிவிட்டது. அன்றைய கணக்கு செல்லாது என்று சொல்லிவிட்டாள். பத்து நாளில் நூறு எண்ணும்வரை இருக்கப் பழகிக்கொண்டேன்.

கடையில் நானே ஒரு கண்ணாடி செய்தேன். நல்ல சில்லாகப் பார்த்து வெட்டி, மக்கு வைத்துப் பதித்து, முகத்தில் படும் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை ஒட்டினேன். ஒரு சொட்டு உள்ளே வராது. அடுத்த தடவை கொண்டுபோனபோது சிப்பிக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதே தனக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

இரண்டாவது தடவை போனபோது, குதிக்கும் முன் அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "செவி வேதனிக்கும். மூக்கப் பொத்திக் காத்த உள்ளால தள்ளணும். டப்புன்னு கேக்கும். பின்ன ஒண்ணுமில்ல."

தைமாசக் கடல். மழை நின்று வெகு நாளாகியிருந்ததால் தண்ணீர் தெளிந்து கிடந்தது. முகத்தைக் கவிழ்த்ததும் கப்பல் தெரிந்தது.

நான் நினைத்து வைத்திருந்த கப்பல் வேறு. பாய்மரமும் படிக்கட்டுமாக, படத்தில் இருப்பதுபோல. இதுவோ பெரிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு மாதிரி மணலில் பாதி புதைந்து கிடந்தது. மரமெல்லாம் போய், விலா விலாவாக மிச்சம். ஒவ்வொரு விலாவிலும் கறுத்த சிப்பி அடை அடையாகப் பிடித்திருந்தது. அவற்றுக்கு நடுவே மஞ்சளும் ஊதாவுமாகப் பவளப் பூச்சிகள், காற்றில் ஆடும் கோரை மாதிரி அலைக்கு ஆடின. பீரங்கிகள் கண்டபடி விழுந்து கிடந்தன. ஒன்று மட்டும் மேலே பார்த்து நின்றது. அதன் வாயிலிருந்து ஒரு சிங்கிறால் மீசையை நீட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது.

காது வலித்தது. மூக்கைப் பொத்தித் தள்ளினேன். டப் என்றது. மேலே இருந்த எல்லாச் சத்தமும் போய், எங்கோ எண்ணெய் பொரிவதுபோல் மெல்லிய ஓசை ஒன்று மட்டும் கேட்டது. கிளிமீன்கள் கல்லைக் கொறிக்கும் சத்தம் அது என்று அவர் பிறகு சொன்னார். பச்சைக் கிளிக்குச் செதில் முளைத்தது மாதிரியான அந்த மீன்கள் என்னைக் கண்டு பயப்படவில்லை. ஒன்று என் கண்ணாடிக்கு எதிரே வந்து நின்று, தன் முகத்தையே பார்த்துக்கொண்டது. நான் பீரங்கியில் கை வைத்தேன். அதையும் என் கையையும் தவிர அங்கே எல்லாம் அசைந்துகொண்டிருந்தது.

மேலே வந்து கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டேன். சிப்பிக்காரர் கேட்டார்: "கண்டா?"

"கண்டேன்."

"நல்லதா?"

நான் மறுபடியும் முங்கினேன். அன்று பதினோரு தடவை முங்கியிருக்கிறேன். கண்ணெல்லாம் சிவந்து வீடு வந்தபோது, எங்கேயோ கள்ளுக்கடைக்குப் போய்விட்டேன் என்று என் மனைவி ஒரு நிமிஷம் நம்பிவிட்டாள்.

பிறகு வாரம் ஒருநாள் கடைவேலை என்று போனேன். முதலாளியிடம் முதலில் ஐந்து பீரங்கி என்றேன்; அடுத்த வாரம் ஏழு; அதற்கடுத்த வாரம் ஒன்பது. அவற்றோடு, கப்பல் ஆடாமலிருக்க அடியில் அடுக்கும் இரும்புக் கட்டிகள் குவியலாகக் கிடப்பதையும் சொன்னேன். முதலாளி மலை உடைக்கிற வெடிக்காரர் ஒருவரிடம் பேசிவிட்டார். கப்பலை வெடி வைத்துப் பிளந்து, இரும்பைக் கயிறு கட்டி இழுப்பது என்று ஏற்பாடு. முதலாளி சொல்லும்வரை எனக்கு அது உறைக்கவில்லை. கிளிமீனும் சிங்கிறாலும் பார்க்கிற சந்தோஷத்தில், எதற்காக என்னை அனுப்புகிறார்கள் என்பதையே மறந்து போயிருந்தேன்.

அந்த வாரம் கரையில் கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது சிப்பிக்காரரின் மனைவி நேராகக் கேட்டாள். "பிள்ளேச்சா, ஒரு காரியம் கேட்டா சத்தியம் சொல்லுமா? வாரம் வாரம் எதுக்கு வருது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. இரும்பு, முதலாளி, வெடி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கப்பல் இல்லேன்னா எங்களுக்குச் சிப்பி இல்ல. இந்த வீட்டில கஞ்சி காயுறது அதில."

நான் அவள் கணவனைப் பார்த்தேன். கோபப்படுவார், இனி வராதே என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாயில் இருந்த சிப்பியை மென்று விழுங்கிவிட்டு, "பிள்ளேச்சன் என்ன செய்யும்? சம்பளக்காரன். மொதலாளியக் கூட்டிட்டு வரணும். வந்து பாக்கட்டும். கண்டா மனசு மாறும்" என்றார்.

எங்கள் முதலாளியை அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் சொல்லிப் பார்த்தேன். வெடி வைக்கிற முன் நீங்களே ஒருதரம் பார்ப்பதுதான் நல்லது அண்ணாச்சி, சரக்கு உங்கள் கண்ணில் பட வேண்டாமா என்றேன். அதற்கு அவர் இணங்கினார். அவர் முங்க முடியாது என்பதால் மண்ணெண்ணெய்த் தகர டின் ஒன்றின் அடியை வெட்டிவிட்டுக் கண்ணாடி பதித்தேன். அதைத் தண்ணீரில் லேசாக அழுத்தி உள்ளே பார்த்தால் அடிவரை தெரியும்.

கட்டுமரம் அவரைத் தாங்காது என்று ஒரு வள்ளம் ஏற்பாடாயிற்று. முதலாளி குடையோடும் பொடி டப்பியோடும் ஏறினார். இடம் வந்ததும் வள்ளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்து டின்னுக்குள் முகத்தை வைத்தார். வள்ளம் அந்தப் பக்கம் சாய்ந்தது. சிப்பிக்காரரும் நானும் மறுபக்கம் போய் உட்கார்ந்து சமன் செய்தோம்.

கால் மணி நேரம் டின்னை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படி அவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

பிறகு டின்னுக்குள்ளிருந்து குரல் வந்தது. "வே, அது என்னதுவே, நீலமா, கண்ணுல மை தீட்டுன மாதிரி?"

"மீனு அண்ணாச்சி."

"இரும்பக் காட்டும்னா மீனக் காட்டுதீரு" என்றார். ஆனால் முகத்தை எடுக்கவில்லை. "அங்க பாரும், வளவுக்குள்ள ஒண்ணு போகு… இப்ப ரெண்டு… ஏ, எங்க போச்சு?" என்று எட்டிப் பார்த்ததில் இடுப்பிலிருந்த வெள்ளிப் பொடி டப்பி நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவர் அலறினார். அது மினுங்கிக்கொண்டே போய் ஒரு பீரங்கியின் பக்கத்தில் உட்கார்ந்ததை அவரே டின் வழியாகப் பார்த்தார். சிப்பிக்காரர் சத்தமில்லாமல் இறங்கினார். அவர் கால்கள் தவளைக்கால் மாதிரி மடங்கி நீண்டதையும், கிளிமீன்கள் விலகி வழிவிட்டதையும் முதலாளி வாய் பிளந்து பார்த்தார். பொடி டப்பியைக் கையில் வாங்கியதும், "ஒரே மூச்சுல்லா!" என்றார். பொடியெல்லாம் சேறாகியிருந்தது.

மனசு மாறியதா என்றால், இல்லை. அவர் வியாபாரி. "மீனு நீந்தித் தப்பிக்கிடும். ஒரு கட்டிய எடுத்து மேல போடும், பாப்போம்" என்றார். செம்பு ஏதாவது உண்டா என்றும் கேட்டார். சிப்பிக்காரர், "செம்புத் தகடெல்லாம் எங்க அப்பூப்பன் காலத்திலேயே கழண்டு போச்சு மொதலாளி. இப்பம் அது குடமா ஓரோ அடுக்களையிலயும் இருக்கு" என்றார். அவரும் நானும் கயிறு கட்டி ஒரு முழ நீளக் கட்டி ஒன்றை மேலே கொண்டு வந்தோம். பார்வைக்கு இருந்த கனம் தூக்கும்போது இல்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது, சொல்லவில்லை. முதலாளி அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தார்.

மறுநாள் காலை கடை வாசலில் அதை வைத்துச் சுண்ணாம்பும் சிப்பியுமாக ஒட்டியிருந்த மேல்தோட்டைச் சுத்தியலால் தட்டி எடுத்தோம். உள்ளே நல்ல கறுப்பு. முதலாளி சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஆணி நிமிர்த்துகிற வேலைக்கு இனி முடிவு வந்துவிட்டது என்று எங்களிடம் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துக் கட்டியைத் தொட்டவர் வெடுக்கென்று கையை எடுத்தார்.

"யாருவே இத அடுப்புல வச்சது?"

யாரும் வைக்கவில்லை. நானும் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி சுட்டது. நிழலில் இருந்த இரும்பு தன்னால் சூடேறிக்கொண்டிருந்தது. தெருவே கூடிவிட்டது. கடலில் செத்தவர்களின் ஆவி என்றார் கொத்தமல்லிக் கடைக்காரர். ஒரு கிழவர் கற்பூரம் வாங்கி வந்தார். முதலாளி அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோயாளியைப் பார்ப்பதுபோல் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அது வெடித்துப் பாளம் பாளமாக உரிந்து கிடந்தது. முதலாளி பேனாக்கத்தியை எடுத்துக் குத்தினார். வெண்ணெய்க்கட்டியில் இறங்குவதுபோல் கத்தி இறங்கியது. ஒரு துண்டை வெட்டி எடுத்தார். விரலெல்லாம் கறுப்பு. அந்தத் துண்டால் கடைச் சுவரில் ஒரு கோடு போட்டார். பளிச்சென்று கறுப்பாக விழுந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டுப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் எத்தனையோ தலைமுறை ஊறி, இரும்பில் இருந்த இரும்பெல்லாம் போய், மிச்சம் வெறும் கரி நின்றிருக்கிறது. இதைப் பிறகு கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கும் ஒருவர்தான் எங்களுக்கு விளக்கினார்.

முதலாளி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். திரும்பினார், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பென்சிலுக்காகவாவே நான் கடலுக்கு வெடி வைக்கப் போனேன்!"

இருந்தாலும் அவர் வியாபார விஷயத்தில் தீர்மானமானவர். பீரங்கியும் அப்படித்தானா என்று பார்த்துவர, பேனாக்கத்தியைக் கொடுத்து என்னை அனுப்பினார். முங்கி, ஒவ்வொரு பீரங்கியிலும் குத்தினேன். மேல்தோடு உடைந்த இடத்திலெல்லாம் கத்தி இரண்டு விரல்கடை உள்ளே போனது. கடைசிப் பீரங்கியில் கத்தி இறங்கியதும், பக்கத்தில் வந்திருந்த சிப்பிக்காரர் தண்ணீருக்குள்ளேயே குலவையிட்டார். அவர் வாயிலிருந்து குமிழ்கள் கொத்துக் கொத்தாகப் பறந்தன. வெடிக்காரரிடம் வர வேண்டாம் என்று முதலாளி அன்றே ஆள் அனுப்பினார்.

வீட்டில் இந்தச் செய்தியைச் சொன்னபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நல்லது. இனி அங்க போக வேலையும் இல்ல, அல்லே?" என்றாள்.

"இல்லதான்."

"அப்போ என்னைக் கூட்டிட்டுப் போகலாம். அண்டாவில தலையை விட்டு நூறு வரைக்கும் எண்ணிப் பழக்கினது நான். கப்பலக் கண்டது நீங்க. இது எந்த ஊர் நியாயம், கேட்டேளா?"

விழிஞ்ஞத்துக்குப் போய்ச் சிப்பிக்காரரிடம் கேட்டேன். சிப்பிக்காரர் ஞாயிற்றுக்கிழமை கடலில் வேலை செய்யமாட்டார். காலையில் கோவிலில் பூசை கண்டு வந்த பிறகு சும்மாதான் இருப்பார். காட்டித் தருவது வேலை ஆகாது, அதனால் ஞாயிற்றுக்கிழமையே வரலாம் என்று அவரே சொன்னார். முதல் ஞாயிறு அவள் டின் வழியாகப் பார்த்தாள். அது அவளுக்குப் போதவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டுமரத்தின் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கிவிட்டாள். கரமனை ஆற்றில் குளித்து வளர்ந்தவள், மிதக்கத் தெரியும். ஆனால் மூச்சுக்காக ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்க வேண்டியிருந்தது. தூக்கும்போதெல்லாம் அலை அடித்தது. மறுபடி குனிவதற்குள் பார்த்துக்கொண்டிருந்த மீன் போய்விட்டது.

"நல்ல நேரம் பாத்து மூச்சு முட்டுது" என்று எரிச்சலோடு ஏறினாள்.

இரண்டு நாள் கழித்துக் கடையிலிருந்து வந்தபோது அவள் கொல்லையில் அண்டாவுக்குள் முகத்தை விட்டுக் குனிந்து நின்றாள். பக்கத்தில் யாரும் எண்ணவில்லை. நான் ஐம்பது எண்ணினேன். நூறு எண்ணினேன். இருநூறு தாண்டியதும் பயந்துபோய் ஓடித் தோளைப் பிடித்தேன். அவள் முகத்தைத் தூக்கினாள். வாயில் ஒரு பப்பாளி இலைத்தண்டு. இலையையும் அடிக்கணுவையும் வெட்டிவிட்டு, உள்ளே குழலாக இருக்கும் அந்தத் தண்டின் மறுமுனையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சின்ன வயதில் அதில் சோப்புக் குமிழி ஊதின ஞாபகம் வந்ததாம்.

"பால் மட்டும் உதட்டில பட்டு எரியறது" என்றாள். உதடு வீங்கியிருந்தது. "உப்பு வெள்ளத்தில ஊறப்போட்டா சரியாகும்."

அடுத்த ஞாயிறு ஊறவைத்த நாலு தண்டுகளோடு போனோம். கண்ணாடிக் கயிற்றில் தண்டைச் செருகிக்கொண்டு அவள் தண்ணீரில் குப்புறப் படுத்தாள். ஒரு கை கயிற்றில். முதுகுமேல் வெயில். தண்டு மட்டும் நேராக நின்று, புஸ் புஸ் என்று மூச்சு விட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. நடுவில் தண்டு வழியாக 'ஊ! ஊ!' என்று சத்தம் வந்தது. எதையோ காட்டுகிறாள். நான் முங்கிப் பார்த்தேன். கப்பலின் விலாக்களுக்கு நடுவே ஓர் ஆமை, சொந்த வீட்டில் நடமாடுகிறவர் மாதிரி நிதானமாக நீந்திப் போய்க்கொண்டிருந்தது.

கட்டுமரத்தில் சிப்பிக்காரரின் மனைவியும் வந்திருந்தாள். பெண் ஒருத்தி கடலில் இறங்கும்போது துணைக்கு ஒருத்தி வேண்டும் என்று வந்தவள். என் மனைவி கடைசியாகத் தலையைத் தூக்கி, மூச்சு வாங்கக்கூடப் பொறுக்காமல், "நீங்க இதெல்லாம் தினமும் காண்றதுதானே?" என்று அவளைக் கேட்டாள்.

"நானா? நான் கண்டதே இல்லயே சேச்சி" என்றாள் அவள். "பெண்ணுங்க முங்க மாட்டோம். சிப்பி கரைக்கு வரும்போதுதான் எனக்கு அது சிப்பி."

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கப்பலின் சிப்பியைச் சுட்டு விற்றவள் அவள். அதற்கு வெடி வைக்கப் போகிறார்கள் என்று கேட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசியவள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருநாள்கூட இதைக் கேட்கத் தோன்றவில்லையே. என் மனைவி உடனே கட்டுமரத்தில் ஏறினாள். கண்ணாடியைக் கழற்றி அவளுக்கு மாட்டினாள். புதுத் தண்டு ஒன்றை எடுத்து வாயில் வைத்து, எப்படி மூச்சு விடுவது என்று காட்டினாள். சிப்பிக்காரரின் மனைவி தன் கணவனைப் பார்த்தாள். அவர், "எறங்கு, எறங்கு. நான் பிடிக்குதேன்" என்றார்.

இறங்கினாள். முகத்தைக் கவிழ்த்தாள். தண்டு ஒருமுறை புஸ் என்றது. பிறகு வெகுநேரம் நின்று, மறுபடி மெதுவாக மூச்சு விட ஆரம்பித்தது. அவர் ஒரு கையால் அவள் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, "இத்தன வருஷம் முங்குதேன், இந்தத் தண்டு எனக்குத் தோணலியே" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் நிமிர்ந்தபோது கண்ணாடிக்குள் கண் நிறைந்திருந்தது. "இத்தர பெரிசா? நீ ஒரு வார்த்த சொன்னது உண்டா?" என்று கணவனின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவர் கட்டுமரம் ஆடச் சிரித்தார். அதன் பிறகு அந்த இரண்டு பெண்களும் சேர்ந்தே இறங்கினார்கள். எனக்கும் அவருக்கும் கண்ணாடியே கிடைக்கவில்லை. நாங்கள் கட்டுமரத்தில் உட்கார்ந்து கிழங்கு தின்றோம்.

மாலை பஸ்ஸில் ஏறியபோது நடத்துனர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடி அழுத்திக் கண்ணைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தடம் பதிந்திருந்தது; கண்ணும் சிவப்பு. அவருக்குப் பொறுக்கவில்லை. "எந்து பற்றி? என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"கப்பலில் போயி வருகயா" என்று என் மனைவி மலையாளத்தில் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். பஸ் கிளம்பி முதல் மேடு வந்ததும் ஆண்களெல்லாம் இறங்கச் சொன்னார்கள். நான் இறங்கித் தள்ளினேன்.